ஊசி செய்த பிழை



அழகுக்காக முகத்தில் இட்டுக்கொள்ளும் ஊசியைப் பற்றி மாணவர்களுக்கு எதற்காக ஒரு பேச்சு என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். அது சினிமாத் துறையினரின் சங்கதி என்பது பொதுவான எண்ணம். முப்பது ஆண்டுகளாகத் தோல் மருத்துவம் பார்த்துவரும் எனக்கு அந்த எண்ணம் எப்போதோ போய்விட்டது. என் காத்திருப்பு அறையிலே பள்ளி ஆசிரியை இருப்பார். வங்கி ஊழியர் இருப்பார். நிச்சயதார்த்தம் முடிந்து முகூர்த்தத்துக்குக் காத்திருக்கும் மாப்பிள்ளை இருப்பார். உங்களைப் போன்ற கல்லூரி மாணவ மாணவியரும் இருப்பார்கள். இவர்களில் பலர் ஊசி போட்டுக்கொள்ள வந்தவர்கள் அல்லர். வேறெங்கோ போட்டுக்கொண்டு, விளைவு மனத்துக்கு ஒவ்வாமல், அதைச் சரிசெய்து தரும்படி கேட்க வந்தவர்கள். அந்தச் சரிசெய்யும் வேலையைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். பிறர் செய்த பிழைகளை மட்டும் சொல்லி என்னுடையதை மறைப்பது நியாயமன்று. ஆகையால் என் கையாலேயே நேர்ந்த பிழை ஒன்றையும் இடையிலே சொல்வேன்.

2021ஆம் ஆண்டில் ஒரு மாலைப்பொழுது, தையல் தொழில் செய்யும் ஓர் அம்மாள் வந்தார். வயது நாற்பதுக்கு மேல் இராது. தென் மாவட்டத்திலிருந்து இரவு முழுவதும் பேருந்தில் பயணம் செய்து வந்திருந்தார். முந்தானையால் முகத்தின் கீழ்ப்பாதியை மூடியிருந்தார். அறைக் கதவைச் சாத்திய பிறகுதான் முந்தானையை எடுத்தார். இரு கன்னங்களிலும் கட்டிகள். இடப்புறத்தில் இருந்தது நெல்லிக்காய் அளவு; வலப்புறத்தில் பட்டாணிகள் மூன்றைச் சேர்த்துப் பதித்தாற்போல் இருந்தது. மேல்தோல் சிவந்திருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தால் உள்ளே கல்லைப் போன்ற கடினம்.

“இது எப்போது வந்தது அம்மா?” என்று கேட்டேன்.

“ஊசி போட்டு இரண்டு வருஷம் ஆகிறது ஐயா. கன்னம் ஒட்டிப்போய் இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். ஒரு வீட்டு மாடியில் போட்டார்கள். முதல் வருஷம் நன்றாகத்தான் இருந்தது.”

“என்ன மருந்து போட்டார்கள்?”

“எண்ணெய் மாதிரி இருந்தது. பேர் தெரியாது.”

“சீட்டு, அட்டைப் பெட்டி, ஏதாவது கொடுத்தார்களா?”

“ஒன்றும் கொடுக்கவில்லை ஐயா.”

வேறெங்கோ ஊசி போட்டுக்கொண்டு வருபவர் யாராக இருந்தாலும் நான் முதலில் கேட்பது இந்தக் கேள்வியைத்தான். முகம் கோணியிருக்கிறதா, வீங்கியிருக்கிறதா, கறுத்திருக்கிறதா என்பதெல்லாம் பிறகு. உள்ளே போன பொருள் இன்னதென்று தெரிந்தால்தான் அதை வெளியே வரவழைக்க வழி உண்டா இல்லையா என்பது தெரியும். வாசலில் கோலம் போடும் பெண் ஒரு புள்ளியை இடம் தவறி வைத்துவிட்டால், விரல் நுனியால் அழித்துவிட்டு வேறு புள்ளி வைக்கிறாள். பச்சை குத்துகிறவள் இடம் தவறிக் குத்திவிட்டால் அப்படிச் செய்ய முடியுமா? முகத்தில் இடும் ஊசிகளிலும் கோலமாவு இனம் ஒன்று உண்டு. பச்சை இனமும் உண்டு. இரண்டும் ஊசிக் குழாய்க்குள் இருக்கும்போது பார்வைக்கு அவ்வளவாக வேற்றுமை தெரியாது.

முதலில் தோன்றியது பச்சை இனந்தான். 1899ஆம் ஆண்டில் வியன்னா நகரத்தின் அறுவை மருத்துவர் ராபர்ட் கெர்சூனி என்பவர், நோயினால் உறுப்பு ஒன்றை இழந்திருந்த இளைஞர் ஒருவருக்கு, அந்த இடத்தை நிரப்புவதற்காக வாஸலைனை ஊசி வழியே செலுத்தினார். நல்ல நோக்கம், உடனடி விளைவும் நன்றாயிருந்தது. அடுத்த ஆண்டிலேயே அவர் அதனை எழுதி வெளியிட்டார். பிறகு ஐரோப்பாவும் அமெரிக்காவும் பாரபின் மெழுகின்மேல் மோகங்கொண்டன. நோயால் தட்டையாகிப்போன மூக்கை நிமிர்த்தவும், குழிந்த கன்னத்தை நிரப்பவும், நெற்றிச் சுருக்கத்தைத் தூர்க்கவும் உருக்கிய மெழுகையே செலுத்தினார்கள். கத்தி இல்லை, இரத்தம் இல்லை, அரை மணி நேர வேலை. யாருக்குத்தான் ஆசை வராது?

மெழுகின் குணம் நமக்குத் தெரியும். வெயிலில் வைத்தால் குழையும். சாய்வாக வைத்தால் வழியும். உடலின் சூட்டிலும் அது அப்படியே நடந்துகொண்டது. கிளாடிஸ் டீக்கன் என்னும் அமெரிக்கப் பெண்மணியின் கதை இதற்கு எடுத்துக்காட்டாக எப்போதும் சொல்லப்படுவது. ஐரோப்பிய உயர்குடியினரிடையே பேரழகி எனப் பெயர் பெற்றவர். கிரேக்கச் சிலைகளில் நெற்றியும் மூக்கும் ஒரே கோடாக இறங்குமல்லவா? அந்தக் கோடு தமக்கும் வேண்டுமென்று விரும்பி, ஏறத்தாழ இருபத்திரண்டாம் வயதில் மூக்கின் மேற்பகுதியில் பாரபினைச் செலுத்திக்கொண்டார். மெழுகு அந்த இடத்தில் நிற்கவில்லை. காலப்போக்கில் கீழிறங்கித் தாடையருகே திரண்டது. பிற்காலத்தில், 1921இல், அவர் மார்ல்பரோ பிரபுவை மணந்து பிளெனிம் மாளிகைக்குத் தலைவியானார். அந்த மாளிகையின் முகப்பு மண்டபத்து உட்கூரையில் அவருடைய நீல நிறக் கண்களை 1928ஆம் ஆண்டில் ஓவியமாகத் தீட்டி வைத்தார்கள்; இன்றும் அங்கே போகிறவர்கள் அண்ணாந்து பார்க்கலாம். கண்களை மட்டும் தீட்டியிருக்கிறார்கள் என்பதைப் படத்தில் பார்த்தபோது எனக்கு ஏதோ போலிருந்தது.

வழிந்து இறங்குவது ஒரு தொல்லை. மற்றொரு தொல்லை அதைவிடப் பெரிது. நம் உடல், தனக்குள் நுழைந்த அயற்பொருளைச் சும்மா விடுவதில்லை. கரைக்க முடிந்தால் கரைக்கும். முடியாவிட்டால் அதைச் சுற்றி அணுக்களைக் குவித்து மதில் எழுப்பும். மெழுகைக் கரைக்கும் சரக்கு எதுவும் நம் உடலில் இல்லை. ஆகவே மதில் தடித்துக்கொண்டே போகிறது. வெளியே அது கட்டியாகத் தெரிகிறது. சில வேளை ஊசி போட்டுப் பத்து ஆண்டுகள் கழித்துக்கூட இந்தக் கட்டி தோன்றும். அப்போது மெழுகும் மதிலும் நல்ல சதையும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். பலாப்பழத்தில் பால் படிந்த நாரைப் பிரிப்பதைப்போல. அறுத்துத்தான் எடுக்க வேண்டும், எடுத்தால் தழும்பு. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே மருத்துவர்கள் இதனை உணர்ந்து பாரபினைக் கைவிட்டார்கள். கைவிட்ட இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. 1940களில் ஜப்பானில் தொடங்கித் திரவ சிலிகோன் பரவிற்று. பெயர் புதிது; கதை பழையது. அழகுக்காக அதனை உடலில் செலுத்த அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஒருநாளும் ஒப்புதல் அளித்ததில்லை. ஆயினும் மாடி வீடுகளில் அது இன்னும் உலவுகிறது.

அந்தத் தையற்கார அம்மாளின் கன்னத்தை ஒலியலைக் கருவியால் பார்த்தோம். உள்ளே திரையெங்கும் பனி கொட்டுவதைப்போல் வெண்ணிறப் படலம். சிலிகோன் இருக்குமிடத்தில் இப்படித்தான் தெரியும். ஐயந்தீரச் சிறு துணுக்கு எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கச் செய்தேன். சல்லடைக் கண்களைப்போல் ஓட்டைகள், ஒவ்வோர் ஓட்டையைச் சுற்றியும் அணுக்களின் மதில். அவரிடம் உண்மையைச் சொல்ல வேண்டியிருந்தது.

“முழுவதும் எடுக்க முடியாது அம்மா. குறைக்கலாம்.”

“எத்தனை குறையும் ஐயா?”

“பாதி குறைந்தாலும் நம் அதிர்ஷ்டம்.”

அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “தையல் பிரிக்கிற மாதிரி இல்லையா?” என்று கேட்டார். இல்லை என்றேன்.

அவருக்கு என்ன செய்தோம் என்பதைப் பிறகு சொல்கிறேன். இப்போது கோலமாவு இனத்துக்கு வருவோம். அதன் வரலாறு எனக்கு மிகப் பிடித்தது. இரண்டு ஆராய்ச்சிகள் தனித்தனியே, ஒன்றுக்கொன்று தொடர்பு தெரியாமல் தொடங்கி, நடுவழியில் சந்தித்துக்கொண்டன.

1934ஆம் ஆண்டு. நியூயார்க் நகரத்துக் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கார்ல் மேயர், ஜான் பாமர் என்னும் இருவர், மாட்டுக் கண்ணின் உள்ளே இருக்கும் பளிங்கு போன்ற பாகிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். கண்ணாடி போன்றது என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்கு ஹையலூரோனிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். அமிலம் என்றவுடன் அஞ்ச வேண்டாம். சர்க்கரை இனத்தைச் சேர்ந்த மூலக்கூறுகள் மணிமாலையைப்போல் கோத்துக்கொண்ட நீண்ட சங்கிலி அது. நீரை ஈர்த்துத் தன்னிடத்தே தேக்கிக்கொள்ளும். சப்ஜா விதையைத் தண்ணீரில் போட்டால் ஒவ்வொரு விதையும் தன்னைச் சுற்றி ஒரு வழுவழுப்பைக் கட்டிக்கொள்கிறதல்லவா? ஏறக்குறைய அந்த மாதிரி. கண்ணில் மட்டுமன்று, நம் தோலிலும் மூட்டுகளிலும் இது நிறைந்திருக்கிறது. சராசரி மனித உடலில் ஏறத்தாழ 15 கிராம் இருக்கும். அதில் மூன்றில் ஒரு பங்கு நாள்தோறும் அழிந்து, நாள்தோறும் புதிதாக உண்டாகிறது.

மற்றோர் ஆராய்ச்சி இதற்குச் சில ஆண்டுகள் முந்தையது. ஸ்பெயின் நாட்டில் பிறந்த பிரான்சிஸ்கோ டுரான்-ரெய்னால்ஸ் என்பவர் அம்மைப்பாலின் கிருமிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். கிருமியோடு விலங்கின் விரைச் சாற்றைக் கலந்து தோலில் செலுத்தினால், தொற்று மிக விரைவாக நாலாபுறமும் பரவுவதை 1928ஆம் ஆண்டில் கண்டார். சாற்றில் ஏதோ ஒன்று சதையின் கட்டுக்கோப்பைத் தளர்த்தி வழி திறந்துவிடுகிறது. அந்த ஏதோ ஒன்று பாம்பின் நஞ்சிலும், தேனீயின் கொடுக்கிலும், அட்டையிலும் இருப்பது தெரியவந்தது. நஞ்சு உடலுக்குள் பரவ வேண்டுமானால் அதற்கு வாயிற்காவலனை விலக்கும் ஆள் ஒருவன் வேண்டுமே! ஆனால் அவன் விலக்குவது எதை என்று தெரியவில்லை.

அதை விளக்கியவர்கள் ஆக்ஸ்போர்டில் இருந்த எர்ன்ஸ்ட் செயினும் அவரோடு உழைத்த டுத்தியும். இந்தச் செயின்தான் பின்னாளில் பெனிசிலினுக்காக 1945இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். பரவச் செய்யும் அந்தப் பொருள் ஒரு நொதி என்றும், அது துண்டு துண்டாக வெட்டுவது ஹையலூரோனிக் அமிலச் சங்கிலியை என்றும் 1939ஆம் ஆண்டையொட்டி அவர்கள் காட்டினார்கள். நொதிக்கு ஹையலூரோனிடேஸ் என்று பெயர் வந்தது. மாட்டுக் கண்ணில் கிடைத்த பூட்டுக்குப் பாம்பின் பல்லில் சாவி இருந்தது என்று நான் மாணவர்களிடம் சொல்வதுண்டு.

இதில் வேடிக்கை யாதெனில், பூட்டு அழகு மருந்தாவதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக முன்பே சாவி தயாராக இருந்தது. வெறும் ஹையலூரோனிக் அமிலத்தைக் கன்னத்தில் செலுத்தினால் ஓரிரு நாளில் உடல் அதைக் கரைத்துவிடும். சங்கிலிகளைக் குறுக்கும் நெடுக்கும் முடிச்சிட்டுப் பாகாக இறுக்கினால்தான் மாதக்கணக்கில் நிற்கும். ஸ்வீடனில் அப்படி உருவாக்கிய ரெஸ்டிலேன் என்னும் மருந்து 1996இல் ஐரோப்பாவிலும் 2003இல் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தது. இன்று ஃபில்லர் என்ற பெயரில் பெருவாரியாகப் பயன்படுபவை இந்த இனத்தவையே. அவை பெருவாரியானதற்குக் காரணம், கண்ட இடத்தில் அழிக்கலாம் என்ற வசதிதான் என்பது என் கருத்து.

2022ஆம் ஆண்டில் ஒரு கல்லூரி மாணவியை அவருடைய தாயார் அழைத்துவந்தார். மூத்த மகளின் திருமணத்துக்கு இரண்டு மாதம் இருந்தது. இளையவளுக்குக் கண்ணின் கீழ்க் குழிவாக இருந்ததாம். யாரோ ஊசி போட்டு நிரப்பியிருக்கிறார்கள். குழி நிரம்பியது, அளவுக்கு மேல் நிரம்பியது. காலையில் எழுந்ததும் கண்ணடியில் பைபோல் வீக்கம். அதோடு, தோலின் கீழ் நீலம் பாரித்திருந்தது.

“மை அப்பியிருக்கிறது என்று எல்லாரும் சொல்கிறார்கள் டாக்டர். தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறேன்” என்றாள் அந்தப் பெண்.

மருந்து என்னவென்று கேட்டேன். தாயார் தம் கைப்பையைத் திறந்தார். மின்சாரச் சீட்டு, மளிகைக் கணக்கு, கோயில் விபூதிப் பொட்டலம் இவற்றுக்கிடையிலிருந்து ஒரு சிறு டைரியை எடுத்தார். அதன் ஒரு பக்கத்தில், ஊசிக் குழாயின் பெட்டியோடு வரும் ஒட்டுச்சீட்டு ஒட்டப்பட்டிருந்தது. மருந்தின் பெயர், தொகுதி எண், காலாவதித் தேதி எல்லாம் அதில் இருந்தன. “குப்பையில் போடப் போனார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று வாங்கி வைத்தேன்” என்றார். எனக்குக் கையெடுத்துக் கும்பிடலாம்போல் இருந்தது.

அந்த நீலத்தைப் பற்றி ஒரு சொல். அங்கே நீலச் சாயம் எதுவும் இல்லை. ஊதுவத்திப் புகையைக் கறுப்புப் பின்னணியில் பாருங்கள். இலேசான நீலமாகத் தெரியும். நுண்ணிய துகள்களில் பட்டு ஒளி சிதறும்போது நீலப் பகுதி மிகுதியாகச் சிதறுகிறது. இதை ஆராய்ந்த ஜான் டிண்டல் என்பவரின் பெயரால் டிண்டல் விளைவு என்று உங்கள் பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். தெளிந்த பாகினை மெல்லிய தோலின் மிக அருகே இட்டால் அந்தப் பாடம் முகத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. கண்ணடித் தோல் நம் உடலிலேயே மிக மெல்லியது. எலும்பையொட்டி ஆழமாக இட வேண்டியதை அங்கே மேலாக இட்டிருந்தார்கள். எவ்வளவு கழுவினாலும் எப்படிப் போகும்?

சாவியை எடுத்தேன். அதற்கு முன்னே ஒரு கேள்வி: “தேனீயோ குளவியோ கொட்டி உடம்பெல்லாம் தடித்ததுண்டா?” என்று. தேனீயின் நஞ்சிலும் இந்த நொதி உண்டென்றேனல்லவா? அதற்கு ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இந்த ஊசியும் ஒத்துக்கொள்ளாது போகலாம். அப்படி எதுவும் இல்லை என்று தெரிந்து, முன்கையில் ஒரு துளியிட்டுச் சோதித்த பிறகு, கண்ணடியில் சில துளிகள் செலுத்தி மெல்லத் தடவிவிட்டேன். முதலில் அந்த நீரினாலேயே சற்று வீங்கும். அன்றிரவே வடியத் தொடங்கும். இரண்டு நாளில் பெரும்பகுதி தெரிந்துவிடும்.

மூன்றாம் நாள் அந்தப் பெண் அழுதுகொண்டே வந்தாள். நீலம் போயிருந்தது, பையும் போயிருந்தது, பழைய குழி திரும்ப வந்திருந்தது. தன் சொந்தச் சதையையும் மருந்து தின்றுவிட்டது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நொதி ஆள்பார்த்து வெட்டுவதில்லை என்பது மெய்தான். நம்முடைய அமிலத்தையும் சிறிது வெட்டும். ஆனால் நாம் நாள்தோறும் மூன்றில் ஒரு பங்கைப் புதிதாக ஆக்கிக்கொள்கிறோம். ஓரிரு நாளில் அது ஈடாகிவிடும். முடிச்சிட்ட அயல் பாகுதான் திரும்ப வராது. இதைச் சொல்லி, இரண்டு வாரம் எதுவும் செய்யக்கூடாது என்றேன். கரைத்த கையோடு மறுபடி நிரப்பினால், வீக்கத்தின்மேல் அளவெடுத்துத் தைத்த சட்டையாகிவிடும்.

இரண்டு வாரம் கழித்து இருவரும் வந்தார்கள். மகள் எதிரே உட்கார்ந்திருந்தாள், தாயார் பக்கத்தில். அப்போதுதான் கவனித்தேன்: தாயாருக்கும் கண்ணடியில் அதே குழி, அதே அளவில், அதே சாய்வில் இருந்தது. இத்தனை நாள் அவருடைய டைரியையே பார்த்துக்கொண்டிருந்த நான் அவர் முகத்தைப் பார்க்கத் தவறியிருந்தேன். மறுபடி நிரப்பலாமா என்று கேட்டேன். அந்தப் பெண் கொஞ்சம் யோசித்து, கல்யாணம் முடியட்டும் என்றாள். அதற்குப் பிறகு வரவில்லை.

இங்கே அவசரமான ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இதுவரை சொன்னவை உருவத்தின் குறைகள். நாள் கணக்கில் யோசித்துத் திருத்தலாம். நிமிஷக் கணக்கில் திருத்த வேண்டிய குறை ஒன்று உண்டு. ஊசி முனை தவறி இரத்தக் குழாய்க்குள் புகுந்து, பாகு குழாயை அடைத்துவிட்டால், அது ஊட்டி வளர்க்கும் தோல் உடனே வெளுக்கும். பிறகு வலை பின்னியதைப்போல் நீலத் திட்டுகள் தோன்றும். பெரும்பாலும் வலியும் இருக்கும். மூக்கும் புருவங்களின் இடைவெளியும் இதில் மிகுந்த அபாயமுள்ள இடங்கள். அங்குள்ள குழாய்கள் கண்ணுக்குப் போகும் குழாயோடு தொடர்புடையவை. அழுத்தத்தில் பாகு பின்னோக்கிச் சென்று விழித்திரையின் இரத்தத்தை நிறுத்திவிட்டால், ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்குமேல் விழித்திரை தாங்காது. பார்வை திரும்பியவர்கள் மிகச் சிலரே. தோலையாவது காப்பாற்ற, அடைபட்ட இடமெங்கும் நொதியைத் தாராளமாக, மணிக்கு மணி திரும்பத் திரும்பச் செலுத்துவோம். அடைத்தது ஹையலூரோனிக் அமிலமானால் கரையும். சிலிகோனானால் என்ன செய்வது? ஆகையினால்தான், நொதி மருந்தைக் குளிர்பெட்டியில் வைத்திராத இடத்தில் யாரும் ஃபில்லர் ஊசியைக் கையில் எடுக்கலாகாது என்று நாங்கள் சொல்கிறோம். ஊசி போட்ட இடம் வெளுத்து வலிக்கும்போது, “எல்லாருக்கும் இப்படித்தான், நாளைக்குச் சரியாகிவிடும்” என்று சொல்லி ஒருவர் உங்களை வீட்டுக்கு அனுப்பினால் போகாதீர்கள்.

இனி என் பிழை. இது நிரப்பும் ஊசி அன்று. சுருக்கத்தைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசி. அதன் மூலப்பொருள் கெட்டுப்போன இறைச்சியில் பிறக்கும் நஞ்சு. ஜெர்மனியில் மருத்துவராகவும் கவிஞராகவும் விளங்கிய யூஸ்டினுஸ் கெர்னர் 1820ஆம் ஆண்டையொட்டி அந்த நஞ்சின் குறிகளை விரிவாக எழுதினார். என்றேனும் இது மருந்தாகலாம் என்றும் ஊகித்தார். ஊகம் பலிக்க நூற்றறுபது ஆண்டுகள் ஆயின. சான்பிரான்சிஸ்கோவின் ஆலன் ஸ்காட் மாறுகண்ணுக்கு அதைப் பயன்படுத்தி 1980இல் எழுதினார். கண் இமைத் துடிப்புக்கு அதனைச் செலுத்தியபோது புருவச் சுளிப்பும் மறைவதை வான்கூவரின் கரூதர்ஸ் தம்பதியர் கவனித்து, 1992இல் வெளியிட்டார்கள். சுருக்கத்துக்கு வந்த வழி இதுதான்.

உயர்நிலைப் பள்ளி ஆசிரியை ஒருவருக்குப் புருவ இடையில் அந்த ஊசியை இட்டேன். இட்டு முடித்தபின், வலப்பக்கம் சற்றுக் குறைவாக இட்டோமோ என்று ஓர் ஐயம். இன்னும் ஒரு துளி சேர்த்தேன். சேர்த்த இடமும் எலும்பு விளிம்புக்கு மிக அருகே. அந்தத் துளி கசிந்து இமையைத் தூக்கும் தசையை எட்டியிருக்க வேண்டும். ஐந்தாம் நாள் தொலைபேசியில் அழைத்தார். நேரில் வந்தபோது வலது இமை பாதிக் கண்ணை மூடியிருந்தது.

“இதை எடுத்துவிட முடியாதா டாக்டர்?”

“முடியாது டீச்சர். இதற்குக் கரைக்கும் மருந்து இல்லை. என் தவறுதான்.”

மெய்யாகவே இல்லை. நரம்பின் நுனி, தசைக்குச் செய்தி சொல்லும் இரசாயனத்தை வெளியிடுவதற்கு ஒரு புரதம் வேண்டும். நஞ்சு நரம்புக்குள்ளேயே புகுந்து அந்தப் புரதத்தை வெட்டிவிடுகிறது. உள்ளே புகுந்தபின் எதிர்மருந்தும் தொடர முடியாது. நரம்பு தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும்வரை காத்திருக்க வேண்டும். புருவத்தில் அதற்கு மூன்று நான்கு மாதம் பிடிக்கும். கசிந்து சென்ற சிறு அளவானால் சில வாரம். ஓர் உபாயம் உண்டு: இமையில் வேறொரு சிறு தசை இருக்கிறது; அது இந்த நஞ்சுக்குக் கட்டுப்படாதது. அப்ராகுளோனிடின் என்னும் கண் சொட்டு அதனைத் தூண்டினால் இமை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உயரும். சொட்டின் வேகம் சில மணி நேரமே. ஆசிரியை அதைப் பள்ளி மணி அடிப்பதற்கு முன் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போனார்.

இரண்டாவது வாரம் வந்தபோது, “பிள்ளைகள் என்ன ஆயிற்று என்று கேட்டார்கள் டாக்டர். பூச்சி கடித்தது என்று சொல்ல நினைத்தேன்; வாய் வரவில்லை. ஊசி போட்டுக்கொண்டேன், தவறிவிட்டது என்று சொல்லிவிட்டேன்” என்றார். பிள்ளைகள் சிரித்தார்களா என்று கேட்டேன். ஒருத்தி மட்டும், வலிக்கிறதா என்று கேட்டாளாம். ஆறாம் வாரம் இமை முழுவதும் எழுந்தது. நான் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்டது எனக்கு ஆறுதலாக இருந்தது.

அந்த ஒரு துளியைப் பற்றி இன்றும் நினைக்கிறேன். போடாக்ஸ் ஊசியின் முழு விளைவும் தெரிய இரண்டு வாரம் ஆகும். இட்ட அன்றே குறை கண்டு கூட்டிப் போடுவது, உலை கொதிக்குமுன் இன்னும் ஒரு படி அரிசி போடுவதாகும். மூன்றாம் நாளே பொறுமை இழந்து வேறு மருத்துவரிடம் ஓடிக் கூடுதல் ஊசி வாங்கிக்கொண்டு, பிறகு முகமே அசையாமல் போனவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டு வாரம் கழித்து உண்மையான குறை தெரிந்தால் திருத்தலாம். புருவத்தின் வெளிமுனை மட்டும் நாடக வேஷம்போல் மேலே ஏறிக்கொண்டால், அதன் மேலே ஒரு சிறு துளி போதும், இறங்கிவிடும். அங்கே கூட்டுவதே திருத்தம்.

எதையும் கூட்டவோ குறைக்கவோ இல்லாத இடமும் உண்டு. பொறியியல் இறுதியாண்டு படிக்கும் இளைஞர் ஒருவர் வந்தார். மூக்கில் மூன்று முறை ஃபில்லர் போட்டுக்கொண்டிருந்தார், நான்காவது வேண்டுமாம். எனக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை. கைப்பேசியில் தாமே எடுத்த படங்களைக் காட்டினார். அவற்றில் மூக்கு அகன்றுதான் இருந்தது. கையை நீட்டி எடுக்கும் படத்தில் மூக்கு கேமராவுக்கு மிக அருகே இருக்கிறது, காதுகள் தொலைவில் இருக்கின்றன. 12 அங்குலத் தொலைவிலிருந்து எடுத்தால், 5 அடியிலிருந்து எடுப்பதைவிட மூக்கு ஏறத்தாழ 30 விழுக்காடு அகன்று தெரியும் என்று 2018ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள் கணக்கிட்டு வெளியிட்டார்கள். ஒத்த முக்கோணங்கள் படித்த பொறியியல் மாணவர் அவர். காகிதத்தில் வரைந்து காட்டினேன். என் உதவியாளரை ஐந்தடி தள்ளி நிற்கச் செய்து படம் எடுத்தும் காட்டினேன். கணக்கு சரி என்றார். மூக்கு சரி என்று சொல்லவில்லை. அவருடைய கவலைக்கு ஊசியில் மருந்தில்லை என்பது தெளிவாயிற்று. மனநல மருத்துவ நண்பருக்குக் கடிதம் கொடுத்தனுப்பினேன். அவர் அங்கே போனதாக நண்பர் பிறகு சொன்னார்.

தையற்கார அம்மாளுக்குச் செய்தது இதுதான். முதலில் கிருமி இருக்குமோ என்ற ஐயத்துக்கு மாத்திரைகள். பிறகு அணுக்களின் மதிலைத் தணிக்கும் ஸ்டீராய்டு மருந்தையும், அணுக்கள் பெருகுவதைத் தடுக்கும் மற்றொரு மருந்தையும் கலந்து, கட்டிகளுக்குள்ளேயே மிகச் சிறு அளவில், சில வாரத்துக்கு ஒருமுறை. அளவு மிஞ்சினால் சுற்றியுள்ள நல்ல சதையும் குழிந்துவிடும், ஆகையால் அவசரப்படவில்லை. இடக்கன்னத்துப் பெரிய கட்டி இதற்கு மசியவில்லை. அறுவை மருத்துவர் ஒருவர் வாயின் உட்புறமாகக் கீறி, முகத்தை அசைக்கும் நரம்புக்கு இடையூறு வராத அளவுக்கு எடுத்தார். மிச்சத்தை விட்டுவைத்தார். வெளியே தழும்பில்லை.

இப்போது அவர் நான்கு மாதத்துக்கு ஒருமுறை வருகிறார். முந்தானை தோளிலேயே இருக்கிறது. சென்ற முறை, என் மேசைமேல் இருந்த அளவுகோலை எடுத்து ஒதுக்கிவைத்துவிட்டுத் தம் பையிலிருந்து தையல் நாடாவை எடுத்து நீட்டினார். வலப்புறத்துப் பட்டாணிகளில் இரண்டு கரைந்திருக்கின்றன. மூன்றாவது 6 மில்லிமீட்டர் இருந்தது. அதற்கு முந்தைய முறையும் 6தான்.